ஜில்பேர் கடை வெண்டைக்காய்

உக்காரும்மா, ஜன்னல் பக்கமே உக்காந்துக்கோ. எனக்கு ஜன்னல்ல பாக்கப் புதுசா ஒண்ணும் இல்ல. இருபத்திரண்டு வருஷமா இதே பஸ்சு, இதே திராட்சைத் தோட்டம், டிரைவரோட இதே உர்ருன்னு இருக்கற மூஞ்சி. நீ தமிழ்தானே? போன்ல 'வச்சிடறேன்மா'ன்னு சொன்ன பாரு, அப்பவே தெரிஞ்சுபோச்சு. எந்த ஊரு? திருச்சியா. சரி சரி. கல்யாணம் ஆகி வந்து ரெண்டு மாசம்தான் ஆகுதா? பாவம்.

நான் பெர்னதெத். பொறந்தது புதுச்சேரி, ஆனா அதை யாராவது கேட்டாத்தான் சொல்லுவேன். எங்க வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவர். ரிட்டையர் ஆனதும் பாரிஸ் குளிர் ஒத்துக்கலன்னு தெற்கே இந்த ஊருக்குக் கூட்டிக்கிட்டு வந்துட்டார். அன்னிலேர்ந்து நான் இந்த ஊர்க்காரி. உங்க ஊர்லேர்ந்து வர்றவங்களுக்கு இதைச் சொன்னா புரியறதே இல்ல.

சந்தைக்குத்தானே போற? தனியாவா? நல்லவேளை, என் கண்ணுல பட்ட. இல்லன்னா இன்னிக்கு நீயும் தமிழ்நாட்டு மானத்தைக் கொண்டுபோய் சதுக்கத்துல கொட்டியிருப்ப. கோச்சுக்காத. மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோ. கடை முன்னாடி போய் நின்னதும் 'இது எவ்ளோ'ன்னு கேக்கக் கூடாது. 'போன்ழூர்'னு வணக்கம் சொல்லணும். சொல்லிட்டு நிக்கணும். அவன் திருப்பி 'போன்ழூர்' சொல்லுவான். அதுக்கப்புறம்தான் நீ மனுஷின்னு கணக்கு. அடுத்து, எதையும் தொடக் கூடாது. தக்காளியை அமுக்கறது, பழத்தை மோந்து பாக்கறது, கொத்தமல்லிக் கட்டைப் பிரிச்சுப் பாக்கறது, எதுவும் கூடாது. கையைக் கட்டிக்கிட்டு, சிரிச்ச மூஞ்சியா, குடுக்கறதை வாங்கிட்டு, 'மெர்சி'ன்னு நன்றி சொல்லிட்டு வரணும். நான் அப்படித்தான். இருபத்திரண்டு வருஷத்துல ஒருத்தன் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்ல.

ஜூலை வந்துட்டா வெளியூர்க்கூட்டம் தாங்காது. பாரிஸ்காரி ஒருத்தி வருவா. அவ உசரத்துக்கு ஒரு வைக்கோல் கூடை, உள்ள ஒரே ஒரு பூண்டு. அந்தக் கூடையை மாட்டிக்கிட்டு அவ ஒரு திரும்பு திரும்பினா, பின்னாடி நாலு பேர் இடுப்பு போச்சு. இங்கிலீஷ்காரங்க மண்டி போட்டு பூண்டுச் சரத்தை போட்டோ புடிப்பாங்க. பூண்டும்மா! ஏதோ கல்யாணப் பொண்ணு மாதிரி. ஒருத்தர் வாழைப்பழத்தைக் காட்டி, 'இது இந்த மண்ணுல விளைஞ்சதா'ன்னு கேட்டார். கடைக்காரன் ஜில்பேர் அசரவே இல்ல. 'ஆமா, அதோ அங்கேர்ந்துதான் வருது'ன்னு தன்னோட வேனைக் காட்டினான். அவர் ரொம்ப திருப்தியா ரெண்டு சீப்பு வாங்கிட்டுப் போனார். ஆலிவ் கடையில ஒரு குடும்பம் ஒவ்வொரு கிண்ணத்துலேர்ந்தும் ருசி பாத்துக்கிட்டே வரும். கடைசிக் கிண்ணம் வர்றப்போ வயிறு ரொம்பிடும், அப்படியே நடந்துடும்.

நம்மாளுங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. நம்மாளுங்கன்னா இந்த ஊர்க்காரங்கம்மா, தமிழாளுங்க இல்ல. ரெண்டு பேர் நடுவழில பாத்துக்கிட்டா கன்னம் மாத்திக் கன்னம் முத்தம். எந்தக் கன்னத்துல ஆரம்பிக்கறதுன்னு ஒரு குழப்பம் வேற. இவங்க முடிக்கறதுக்குள்ள, பின்னாடி தள்ளுவண்டியில கைக்குழந்தையோட நிக்கறவ குழந்தைக்குப் பல்லு மொளச்சிடும். சீஸ் கடையில ஒரு அம்மா, 'இன்னிக்கு ராத்திரிக்கு வேணும்'பாங்க. கடைக்காரரு, 'ராத்திரின்னா எத்தனை மணிக்கு?'ன்னு கேப்பாரு. எட்டு மணின்னா ஒரு கட்டி, ஒன்பது மணின்னா இன்னும் கொஞ்சம் பழுக்காத வேற கட்டி. சிரிக்காத, நெசமாத்தான். வரிசையில இருக்கற ஒருத்தர்கூட முணுமுணுக்க மாட்டாங்க, ஆளுக்கு ஒரு யோசனை சொல்லுவாங்க.

இதுல சண்டை வேற. எடை சரியில்ல, போன வாரம் குடுத்த முலாம்பழம் சப்புன்னு இருந்துது, பீன்ஸ்ல நார். சத்தம்னா சத்தம், அப்படிச் சத்தம். கத்தி முடிச்சதும் அதே கடையில வாங்கிட்டு, 'உன் மாமியார் முட்டி எப்படி இருக்கு'ன்னு விசாரிச்சுட்டுப் போவாங்க. நான் அந்த மாதிரி இல்ல. நமக்குன்னு ஒரு நாகரிகம் இருக்கில்ல?

ஜில்பேர்னு சொன்னேன்ல, அவன்தான் காய்கறிக் கடை. சர்ச்சுக்கு எதிர்ல, பச்சைக் குடை. சொந்தத் தோட்டம், பெரிய மீசை. என்கிட்ட அவனுக்குத் தனி மரியாதை. நான் எதையும் பொறுக்கறதில்லன்னு தெரியும், அதனால அவனே குனிஞ்சு, பின்னாடி வச்சிருக்கற தனிப் பெட்டியிலேர்ந்து எடுத்துப் போடுவான். எல்லாருக்கும் அந்தப் பெட்டி கிடையாதும்மா. எனக்கும் வெளியூர்க்காரங்களுக்கும் மட்டும்தான்.

செப்டம்பர் கடைசி ஞாயித்துக்கிழமை இந்தச் சந்தைக்காரங்க ஒரு விருந்து போடுவாங்க. அதே சதுக்கத்துல நீளமா மேஜை போட்டு, ஒவ்வொரு கடைக்காரரும் தன்னோட வாடிக்கைக்காரங்களைக் கூப்பிடுவார். விளம்பரம் கிடையாது, டிக்கெட் கிடையாது. வாயால கூப்பிடணும். ஊர்க்காரங்களை மட்டும்தான் கூப்பிடுவாங்க. யாரு ஊர்க்காரங்க, யாரு வந்து போறவங்கன்னு அன்னிக்குத் தெரிஞ்சுடும். இருபத்திரண்டு வருஷமா அந்த ஒரு வார்த்தைக்காக நான் காத்துக்கிட்டிருந்தேன். உன்கிட்ட என்ன மறைக்க? எனக்கு அந்த மேஜையில உக்காரணும். அவ்வளவுதான். எங்க வீட்டுக்காரர், 'அங்க போயி என்ன பண்ணப்போற, வீட்லயே கோழி இருக்கே'ம்பார். அவருக்கு என்ன தெரியும்? டிவியில சைக்கிள் பந்தயம் ஓடினா போதும் அவருக்கு.

போன வருஷம் கை கூடி வந்துதும்மா. ஜூன் மாசம் ஜில்பேர், 'போன்ழூர் மதாம்' சொல்லிட்டு, 'என்ன வெயில் இல்ல?'ன்னு தானாக் கேட்டான். இந்த வருஷம் கூப்பிட்டுடுவான்னு நான் கிட்டத்தட்ட முடிவே பண்ணிட்டேன். அந்த நேரம் பாத்துத்தான் எங்க நாத்தனார் வந்து எறங்கினாங்க.

மதலேனம்மான்னு பேரு. எங்க வீட்டுக்காரருக்கு அக்கா, புதுச்சேரில முத்தியால்பேட்டை. புருஷன் போயி ரொம்ப நாளாச்சு. தெனம் காலையில காய்காரிகிட்ட சண்டை போட்டாத்தான் காபி எறங்கும். மூணு மாசம் தம்பி வீட்ல இருந்துட்டுப் போறேன்னு வந்தாங்க. பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது. நல்லதாப் போச்சு, ஊமை மாதிரி கூடவே வருவாங்கன்னு நெனச்சேன். வழியெல்லாம் சொல்லிக் கூட்டிக்கிட்டுப் போனேன். 'அண்ணி, போன்ழூர் சொல்லணும். தொடக் கூடாது. சத்தமாப் பேசக் கூடாது.' அவங்க, 'ஏ பெர்னாத்து, நாம சந்தைக்குப் போறோமா, கோயிலுக்குப் போறோமா'ன்னாங்க.

அந்த வருஷம்தான் ஜில்பேர் மொதத் தடவையா வெண்டைக்கா போட்டிருந்தான். ஏதோ ஆசைக்குத் தோட்டத்துல ஒரு ஓரமா வெதச்சானாம். நம்ம வெண்டைக்கா மாதிரியா இருந்துது? முழ நீளம், கட்டை விரல் தடிமன். பெருசா வளந்தாத்தானே நல்ல காய்னு நெனச்சுக்கிட்டு, நல்லா முத்த விட்டு, அழகா விசிறி மாதிரி அடுக்கி வச்சிருந்தான். நான் 'போன்ழூர்' சொல்றதுக்கு வாயத் தொறக்கறேன். பக்கத்துல 'டக்'குனு ஒரு சத்தம்.

நுனியை ஒடிச்சுட்டாங்க.

அப்புறம் இன்னொண்ணு. அது ஒடியல, வளைஞ்சுது. அதைத் தூக்கி அந்தாண்ட போட்டாங்க. இன்னொண்ணு, இன்னொண்ணு. கை அதுபாட்டுக்குப் போகுது. நமக்கெல்லாம் தெரியும், வெண்டைக்கான்னா நுனி ஒடிச்சுப் பாத்துத்தான் வாங்குவோம். அவனுக்கு எப்படித் தெரியும்? யாரோ ஒரு பொம்பளை வந்து வணக்கம்கூட சொல்லாம தன் சரக்கை வரிசையா ஒடச்சுக்கிட்டு நிக்கறா. மீசை துடிக்குது. 'மதாம்! என்ன பண்றீங்க! ஒடச்சவங்கதான் வாங்கணும்!'னு கத்தினான்.

"இன்னா சொல்றான்?"

"தொடக் கூடாதாம் அண்ணி. வாங்க போயிடலாம்."

"தொடாம எப்டி வாங்கறது? கண்ணால பாத்து வாங்க இது இன்னா பொடவையா? பொடவையே தொட்டுத்தான் வாங்கறோம். யோவ், இது இன்னாய்யா வெண்டக்கா, கம்பு கணக்கா கீது. இத்தத் தின்னா பல்லு குத்தத் தனியா ஆள் வைக்கணும்."

சுத்தத் தமிழ்ல, சர்ச்சு மணிக்கு மேல சத்தம். அவன் பிரெஞ்சுல கத்தறான், இவங்க தமிழ்ல கத்தறாங்க. ரெண்டு பேரும் ஒருத்தர் நிறுத்தினதும் இன்னொருத்தர்னு, அர்த்தம் புரிஞ்ச மாதிரியே பதில் சொல்லிக்கறாங்க. கூட்டம் கூடிடுச்சு. பாரிஸ்காரி கூடையை எறக்கி வச்சுட்டு வேடிக்கை பாக்கறா. நான் என்ன பண்ணுவேன்? பக்கத்து சோப்புக் கடை பக்கம் திரும்பி, லாவெண்டர் சோப்பை எடுத்து மோந்து பாத்துக்கிட்டு நின்னேன், யாரோ வெளியூர்க்காரி மாதிரி. அந்த லாவெண்டர் வாசனை எனக்குத் தலைவலி. இருந்தாலும் மோந்தேன்.

நாத்தனார் விடல. நீளமா ஒண்ணை எடுத்து அவன் மூக்குக்கு நேரா நீட்டி வளைச்சுக் காட்டினாங்க. வளையல் மாதிரி வளைஞ்சுது, ஒடியல. குட்டியா ஒண்ணு அடியில கெடந்துது, அதை எடுத்து 'டக்'. அப்புறம் நீளமானதை அவன் கையில திணிச்சு, "ந்தா, நீ ஒடி பாப்போம்"னாங்க. அவன் ஒடிச்சுப் பாக்கறான், முறுக்கிப் பாக்கறான், மூஞ்சி செவக்குது, காய் ஒடியல. வரிசையில நின்ன ஒரு கிழவி, 'போன வாரமே நெனச்சேன், கயிறு மாதிரி இருந்துது, மரியாதைக்குச் சொல்லல'ன்னுச்சு. உடனே ஆளாளுக்கு எடுத்து ஒடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஜில்பேர் ரோஷத்துல ஒண்ணைப் பச்சையாவே கடிச்சான். மென்னான், மென்னான், மென்னுக்கிட்டே இருந்தான். மீசையில நாரு தொங்குது. கடைசியில அவனே சிரிச்சுட்டான். கூட்டம் கை தட்டுச்சு. நான் சோப்புக்குக் காசு குடுத்துட்டிருந்தேன்.

எனக்குத் தெரிஞ்சுபோச்சு, விருந்து அவ்வளவுதான்னு. பஸ்சுல வரும்போது அழுகையே வந்துடுச்சு. நாத்தனார், 'இன்னாடி மூஞ்சி தொங்குது, ஒடம்பு சரியில்லியா'ங்கறாங்க. வீட்டுக்கு வந்ததும் என் பையைத் தரையில கொட்டினாங்க. தக்காளியை ஒவ்வொண்ணாத் திருப்பிப் பாக்கறாங்க. 'இது அழுகல். இது அடியில ஓட்டை. இது நேத்தே செத்துப்போச்சு. காசு குடுத்தா வாங்கின இத்த?' எனக்கு வந்துச்சே கோவம். 'அதெல்லாம் கொழம்புக்குன்னு பாத்து நல்லாப் பழுத்ததாக் குடுத்திருக்கான் அண்ணி. எனக்குன்னு தனிப் பெட்டி வச்சிருக்கான்'னேன். அவங்க என்னை ஒரு பார்வை பாத்தாங்க. அப்புறம் அழுகினதை வெட்டிப் போட உக்காந்துட்டாங்க. முத்தியால்பேட்டையில வாங்கறவங்களுக்கு இந்த நுணுக்கமெல்லாம் எங்க தெரியப்போகுது?

அடுத்த வாரம் நான் வரலன்னுதான் சொன்னேன். கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போனாங்க. ஜில்பேர் தூரத்துலயே பாத்துட்டான். 'மதலேன்!'னு ஒரு கத்தல். எப்படிப் பேரு தெரியும்? போன வாரம் நான் சோப்பு மோந்துக்கிட்டிருந்தப்போ நெஞ்சைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கிட்டாங்களாம். என் பேரும்தான் அசல் பிரெஞ்சுப் பேரு, இருபத்திரண்டு வருஷத்துல அவன் கேட்டதில்ல. குட்டிக் குட்டியா, விரல் நீளத்துக்கு வெண்டைக்கா பறிச்சு வச்சிருந்தான். அவனே ஒண்ணை எடுத்து இவங்க காதுகிட்ட வச்சு 'டக்'. இவங்க, 'ம்ம், இப்பதான்யா நீ ஆளு'ன்னாங்க. அதுக்கப்புறம் வாரா வாரம் கத்திரிக்காவுக்கு ஒரு சண்டை, பச்சை மொளகாவுக்கு ஒரு சண்டை. வரிசையில இருக்கறவங்க எங்களுக்கு வழி விடறாங்க. எங்களுக்கு இல்ல, அவங்களுக்கு.

செப்டம்பர் வந்துது. அன்னிக்கு ஜில்பேர் கையைத் துடைச்சுக்கிட்டே கடைக்கு வெளிய வந்தான். அவன் கடையைத் தாண்டி வெளிய வந்து நான் பாத்ததே இல்ல. நேரா எங்களைப் பாத்து வர்றான். 'ரொம்ப சந்தோஷம், கண்டிப்பா வர்றோம்'னு பிரெஞ்சுல மனசுக்குள்ள ஒரு தடவை சொல்லிப் பாத்துக்கிட்டேன். வந்தான். எனக்குப் பக்கத்துல பாத்தான். 'மதலேன், ஞாயித்துக்கிழமை நீ வரணும்'னான். நீ! பிரெஞ்சுலயும் நம்மள மாதிரியே நீ, நீங்க ரெண்டும் உண்டும்மா. வேண்டியவங்களுக்குத்தான் நீ. என்னை இன்னிக்கு வரைக்கும் நீங்கன்னுதான் சொல்றான். அதை மரியாதைன்னு நெனச்சுக்கிட்டு... சரி, விடு. அப்புறம் என் பக்கம் திரும்பி, 'நீங்களும் வாங்க மதாம், அவ சொல்றதை யாராவது எங்களுக்குச் சொல்லணும் இல்ல'ன்னான். நீங்களும். அந்த 'உம்' இருக்கு பாரு, அதை வச்சுக்கிட்டு அந்த வாரம் பூரா நான் தூங்கல.

போனேன். போகாம? நீலப் பட்டுப் பொடவை கட்டிக்கிட்டுப் போனேன். நாத்தனாரைத் தூக்கிக்கிட்டுப் போகாத குறையா நடுவுல உக்கார வச்சாங்க. என்னைப் பக்கத்துல, மொழிபெயர்ப்புக்கு. என் அந்தப் பக்கம் மீன் கடைக்காரரோட சம்சாரம். எனக்குத் தெரியும் அவளை, வருஷக்கணக்கா அவ புருஷன்கிட்டத்தான் மத்தி வாங்கறேன். ரொட்டியை எடுத்து நீட்டிக்கிட்டே ரொம்ப அன்பா, 'நீங்களும் லீவுக்குத்தான் வந்திருக்கீங்களா? எப்ப ஊருக்குத் திரும்பறீங்க?'ன்னு கேட்டா. ரொட்டியை வாங்கித் தட்டுல வச்சேன். 'நான் இங்கதான் இருக்கேன்'னேன். 'ஓ, நல்ல ஊரு, உங்களுக்குப் புடிச்சுப்போயிடும்'னா.

சாப்பாடு முடியறப்போ ஜில்பேர் கிளாஸைத் தூக்கிக்கிட்டு எழுந்தான். 'என் கடைக்கு ரெண்டு வகை ஆளுங்க வருவாங்க. ஒருத்தர், குடுக்கறதை வாங்கிக்கிட்டு மெர்சி சொல்லிட்டுப் போறவங்க. அவங்க வந்து போறவங்க, அவங்க முகம் எனக்கு ஞாபகம் இருக்காது. இன்னொருத்தர், என் கழுத்தைப் புடிக்கறவங்க. அவங்க என் ஆளுங்க. இந்தப் பொம்பளை மொத நாளே என் ஆளு'ன்னான். எல்லாரும் மேஜையைத் தட்டறாங்க. அவன் என்னைப் பாத்து, ரொம்ப மரியாதையா, 'தயவுசெஞ்சு இதை அவளுக்குச் சொல்லுங்க மதாம்'னான்.

நாத்தனார் என் மூஞ்சியைப் பாக்கறாங்க. "இன்னா சொல்றான்?"

"வெண்டைக்கா நல்லா விளைஞ்சிருக்காம் அண்ணி."

"அதுக்கா இத்தினி பேரு கை தட்டறாங்க?"

"இவங்க அப்படித்தான் அண்ணி, எல்லாத்துக்கும் தட்டுவாங்க"ன்னேன். வேற என்னம்மா சொல்ல முடியும்? நீயே சொல்லு. நான் சிரிச்சுக்கிட்டேதான் இருந்தேன், ஆனா உள்ள வெந்துபோச்சு. அத்தனை வருஷமா வாய் மூடி, கை கட்டி, நான் யாருக்காக நாகரிகமா இருந்தேன்?

அவங்க ஊருக்குப் போயாச்சு. இந்த வருஷம் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். சண்டைதானே வேணும், போட்டாப் போச்சு. போன வாரம் போய் நின்னேன். 'போன்ழூர்' சொல்லாம நின்னுடலாம்னு பாத்தேன். வாய் கேக்கல, சொல்லிடுச்சு. சரின்னு கையை நீட்டி வெண்டைக்காயை எடுத்து நுனியை ஒடிச்சேன். டக். இன்னொண்ணு, டக். எல்லாம் ஒடியுது! பிஞ்சாப் பறிச்சுக் கொட்டி வச்சிருக்கான், நாத்தனார் பண்ணின வேலை, எங்கேர்ந்து கொறை சொல்றது? அவனும் தடுக்கல. வேடிக்கை பாக்கறான். விடக் கூடாதுன்னு, 'போன வாரம் நீங்க குடுத்த முலாம்பழம் அழுகல்'னு சொன்னேன். சத்தமாத்தான் சொன்னேன். திருப்பிக் கத்துவான்னு நிக்கறேன்.

அவன் மூஞ்சி வாடிப்போச்சும்மா. 'மன்னிச்சுக்கோங்க மதாம்'னான். முன்னாடி இருந்த பெட்டியிலேர்ந்து நல்ல பழமா ஒண்ணு எடுத்துப் பையில போட்டான், ஒரு கட்டு மல்லித்தழையும் மேல வச்சான், காசே வாங்கல. வெளியூர்லேர்ந்து வந்தவங்க மனசு நோகக் கூடாதுன்னு எப்படிப் பண்ணுவானோ, அப்படியே பண்ணினான். மெர்சின்னு சொல்லிட்டு வந்துட்டேன். என்கூட சண்டை போட அவனுக்கு மனசே வரலம்மா.

அந்தா, சர்ச்சு கோபுரம் தெரியுது, அடுத்த ஸ்டாப்பு நம்மளுது. மணியை அடி. இங்க பாரு, உனக்கு ஒரு வேலை சொல்றேன், மாட்டேன்னு சொல்லாத. நான் மொதல்ல சொன்னேன்ல, தொடக் கூடாது, கத்தக் கூடாதுன்னு, அதையெல்லாம் விடு. ஜில்பேர் கடை முன்னாடி வந்து என் பையைப் புடிச்சு இழு. இழுத்துட்டு என்னைத் திட்டு. என்ன வேணா திட்டு, தமிழ்ல. நானும் திட்டறேன். அவனுக்கு அர்த்தமா தெரியப்போகுது? எனக்கும் தொண்டை இருக்குன்னு ஒரு தடவை அவன் காதுல விழுந்தா போதும்.

என்னம்மா அப்படி முழிக்கற? திருச்சியில சண்டையே போட்டதில்லியா நீ?